விவாகரத்தில் பென்ஷன் பணத்தில் பாதி எனக்கு உண்டா? கையெழுத்து கேட்கிறார் (கடலூர்)

கூத்தப்பாக்கம்_தையல் | ஜூலை 14, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இன்னிக்குதான் எழுத வேண்டிய நிலைமை.

கல்யாணம் 1998-ல. அவர் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், 1996-ல வேலையில் சேர்ந்தவர். வர்ற மே மாசம் ரிட்டயர்டு. எனக்கு 52, அவருக்கு 60 ஆகப் போகுது. பொண்ணு சென்னைல வேலை பார்க்கிறா, பையன் சிதம்பரத்துல படிக்கிறான். நாலு வருஷமா அவர் பண்ருட்டியில் தனியா வாடகைக்கு இருக்கார். காரணம் எல்லாம் இங்க எழுதல. வேற பொம்பள, அடி உதை எதுவும் இல்ல. பேச்சு நின்னுபோச்சு, அவ்வளவுதான்.

வீடு கூத்தப்பாக்கத்துல, அவர் பேர்ல. தானே புயல்ல (2011 டிசம்பர் 30, இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு தேதி சொல்ல வேண்டியதில்ல) ஓடு முழுக்க பறந்துடுச்சு. அடுத்த வருஷம் அவரோட ஜிபிஎஃப்-ல (அரசு ஊழியர் சேமநிதி) பார்ட் ஃபைனல், அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத ஒரு பகுதி, எடுத்தோம். என் 11 பவுன் அடகுக்குப் போய் திரும்பி வரவே இல்ல. அப்படி கட்டின வீடு. நான் வீட்டிலேயே தையல் மிஷின் வச்சிருக்கேன், மாசம் ஏழெட்டாயிரம் வரும்.

போன ஞாயித்துக்கிழமை டைப் பண்ண பேப்பரோட வந்தார். மியூச்சுவல் டைவர்ஸ். "15 லட்சம் ஒரே தடவையா தர்றேன், ரிட்டயர்டு பணம் வந்ததும். வீட்டை காலி பண்ணிக் கொடுத்துடு. இதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டேன்னு ஒரு வரி இருக்கு, அதைப் படிச்சிட்டு கையெழுத்து போடு"ன்னார். மரியாதையாத்தான் சொன்னார். காப்பி கூட குடிச்சிட்டுப் போனார்.

என் சின்னம்மா பொண்ணு வெளிநாட்டுல இருக்கா. "பென்ஷன்ல சட்டப்படி பாதி உனக்கு வரும், கையெழுத்து போடாத"ங்கிறா. அண்ணன் "அதெல்லாம் இந்தியாவுல கிடையாது, 15 லட்சத்தை வாங்கிக்கோ"ங்கிறான். யார் சொல்றது சரி?

---

நியூஜெர்சி_நெல்லிக்குப்பம் | ஜூலை 14, இரவு 11:05

அக்கா, உங்க சின்னம்மா பொண்ணு அமெரிக்காவுல இருந்தா அவங்க சொல்றதுல தப்பில்ல. அது இந்த ஊர் சட்டம். என் நண்பன் கேஸ்ல கூட இருந்து பார்த்தேன். கல்யாணமான நாள்ல இருந்து பிரிஞ்ச நாள் வரைக்கும் 401-கே கணக்குல (இங்க கம்பெனி வழியா சேர்க்கிற ஓய்வுக்காலச் சேமிப்பு) சேர்ந்த பணம் ரெண்டு பேரோட சொத்து. அதைப் பிரிக்க விவாகரத்துத் தீர்ப்பு மட்டும் போதாது. க்யூ.டி.ஆர்.ஓ.ன்னு தனியா ஒரு கோர்ட் உத்தரவு வாங்கி, பணத்தை வச்சிருக்கிற நிர்வாகத்துக்கு அனுப்பணும். 1984-ல கொண்டு வந்த ஏற்பாடு. என் நண்பனோட மனைவி தீர்ப்பை வாங்கிட்டு அந்த உத்தரவை எடுக்காமலே மூணு வருஷம் இருந்துட்டாங்க. அதுக்கப்புறம் அதுக்குன்னு ஒரு வக்கீல், அவருக்கு ஒரு பீஸ்.

பத்து வருஷம் குடும்பம் நடத்தியிருந்தா, மறுமணம் பண்ணாத முன்னாள் மனைவிக்கு 62 வயசுல இருந்து சோஷியல் செக்யூரிட்டியிலும் (அமெரிக்க அரசு தர்ற பென்ஷன்) கிடைக்கும், அவரோட தொகையில பாதி வரைக்கும். அவருக்கு அதனால ஒரு டாலர் குறையாது.

கடலூர்ல இதுல எதுவும் செல்லாது. ஊர்ல இருக்கிறவங்க சொல்றதைக் கேளுங்க.

---

குமாஸ்தா_மஞ்சக்குப்பம் | ஜூலை 15, காலை 6:50

அக்கா, நான் வக்கீல் இல்ல, வக்கீல்கிட்ட இருபது வருஷமா குமாஸ்தா. அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க.

நம்ம சட்டத்துல "கல்யாண காலத்துச் சொத்து ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி"ன்னு ஒரு பிரிவே கிடையாது. இந்து திருமணச் சட்டம் 1955-ல இருக்கிறது ஜீவனாம்சம்தான். கேஸ் நடக்கும்போது 24-வது பிரிவு, தீர்ப்போட சேர்த்தோ பின்னாலயோ நிரந்தர ஜீவனாம்சத்துக்கு 25-வது பிரிவு. அவர் வருமானம், உங்க வருமானம், சொத்து, நடத்தை எல்லாம் பார்த்து ஜட்ஜ் ஒரு தொகை போடுவார். ரிட்டயர்மென்ட் பணம் அந்தக் கணக்குல வரும். பங்கு பிரிக்கிற பொருளா வராது.

"நிகர சம்பளத்துல 25 சதம்"னு 2017-ல உச்ச நீதிமன்றம் ஒரு கேஸ்ல சொன்னதை எல்லா வக்கீலும் கையில வச்சிருப்பாங்க. அது ஒரு வழிகாட்டி, கட்டாயம் இல்ல. 2020 நவம்பர்ல இருந்து ஜீவனாம்சக் கேஸ்ல ரெண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்துல காட்டியே ஆகணும்னும் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கோர்ட்டுக்குப் போனா அவர் ஜிபிஎஃப் ஸ்லிப்பை மறைக்க முடியாது.

வீட்டு விஷயத்துல ஒண்ணு இருக்கு. 2023 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு கொடுத்தார். மனைவி வீட்டைப் பார்த்துக்கிட்டதாலதான் கணவன் சம்பாதிக்க முடிஞ்சது, அந்த உழைப்பும் சொத்துல பங்களிப்புதான்னு சொல்லி சமபங்கு கொடுத்தார். உங்க 11 பவுனுக்கு அடகு ரசீது இருந்தா பத்திரமா எடுத்து வைங்க.

---

நெய்தல்63 | ஜூலை 15, காலை 8:12

27 வருஷம் வாழ்ந்துட்டு கடைசியில பென்ஷன் எவ்வளவுன்னு கணக்குப் பார்க்கிற காலம். எங்க அம்மா காலத்துல இதெல்லாம் வாயில வராது.

---

லாஸ்பேட்டை_சிஸ்டர் | ஜூலை 15, காலை 8:30

உங்க அம்மா கணக்குப் பார்க்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்? அரிசி டப்பாவுல காசு வைக்காத அம்மாவை நான் பார்த்ததில்ல.

---

பழைய_கருவூலம் | ஜூலை 15, மதியம் 2:20

தங்கச்சி, நான் கருவூலத்தில் 31 வருஷம் இருந்து வெளியே வந்தவன். ரெண்டு பேரும் பாதிக்குப் பாதியைப் பத்தியே பேசறீங்க. உங்க கேஸ்ல இருக்கிற பெரிய பணத்தை யாரும் இன்னும் தொடவே இல்ல.

ரிட்டயர்டு ஆகும்போது அவர் கைக்கு வர்றது: கிராஜுவிட்டி, ஜிபிஎஃப் மிச்சம், லீவு சரண்டர், பென்ஷன்ல மூணில் ஒரு பங்கை கம்யூட் பண்ணா, அதாவது மாசாமாசம் வாங்காம முன்கூட்டியே வாங்கிக்கிட்டா, அந்த மொத்தம். அப்புறம் மாசப் பென்ஷன். இது எல்லாம் அவர் பணம்.

அவர் காலத்துக்கு அப்புறம் வர்றது குடும்ப ஓய்வூதியம். இது மனைவியோடது. நாமினேஷன் போட்டு யாருக்கு வேணா எழுதற சமாச்சாரம் இல்ல, விதியிலேயே வரிசை இருக்கு, சட்டப்படி மனைவிதான் முதல்ல. விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்னிக்கு நீங்க அந்த வரிசையில இருந்து வெளியே. மறுநாளே அவர் இறந்தாலும் ஒரு பைசா கிடையாது.

கணக்கு போடறேன். அவர் அடிப்படைச் சம்பளம் இப்ப எவ்வளவுன்னு நீங்க சொல்லல. ஒரு பேச்சுக்கு 84,000 வச்சுக்குவோம். பென்ஷன் அதுல பாதி, 42,000. குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம், 25,200. அவர் கம்யூட் பண்ணதால இது குறையாது. நீங்க அவரை விட எட்டு வயசு சின்னவங்க. அவருக்கு அப்புறம் பத்து வருஷம் இருக்கீங்கன்னு வைங்க. 25,200 பெருக்கல் 120, 30 லட்சத்து 24 ஆயிரம். அகவிலைப்படி சேர்க்காம. இதோட பென்ஷனர் மருத்துவக் காப்பீடு கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் உண்டு, அதுவும் போகும்.

அவர் தர்றேன்னு சொல்றது 15 லட்சம். 30 வருஷ சர்வீஸுக்கு கிராஜுவிட்டி மட்டுமே பதினஞ்சு மாசச் சம்பளம், அகவிலைப்படியோட. அந்த ஒரு செக் இந்த 15 லட்சத்தைத் தாண்டும்.

இன்னொண்ணு. பென்ஷன் பேப்பர் ரிட்டயர்டு ஆகிற மாசத்துல தயாராகிறதில்ல. ஒரு வருஷம் முன்னாடியே பள்ளியில் ஆரம்பிச்சிடும். அதுல குடும்ப விவரப் படிவமும், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோவும் வைக்கணும். அவர் இந்த ஜூலையில் உங்க வீட்டுக்கு வந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

---

கூத்தப்பாக்கம்_தையல் | ஜூலை 15, இரவு 10:15

அண்ணா, படிச்சிட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். 84,000-க்கு கொஞ்சம் கூடவே இருக்கும்னு நினைக்கிறேன், பழைய பே ஸ்லிப் ஒண்ணு பீரோவுல இருக்கு. போட்டோ விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா அன்னிக்குப் பேப்பரைக் கொடுத்துட்டு, கிளம்பறப்போ, "ஸ்கூல்ல ஜாயின்ட் போட்டோ கேக்கறாங்க"ன்னு ஏதோ முணுமுணுத்தார். நான் வேற யாருக்கோன்னு நினைச்சேன்.

---

சிப்காட்_ஷிப்ட் | ஜூலை 16, காலை 7:05

ஆம்பளை பக்கமும் ஒருத்தன் பேசணும்ல. எனக்கு 2019-ல டைவர்ஸ் ஆச்சு. கம்பெனி பேர் வேணாம். பிஎஃப் பணத்துல பாதி கேட்டாங்க. என் வக்கீல் 1952 பிஎஃப் சட்டத்துல 10-வது பிரிவைக் காட்டினார், பிஎஃப் கணக்குல இருக்கிற பணத்தை கோர்ட்டு கூட ஜப்தி பண்ண முடியாதுன்னு. அவங்க வக்கீல் சரின்னுட்டு, மாசம் 9,000 ஜீவனாம்சம் வாங்கிட்டார். நான் ஒழுங்கா கட்டறேன். இன்னும் நாலு வருஷத்துல எனக்கு 58. இபிஎஸ் (பிஎஃப்-ஓட சேர்ந்த பென்ஷன் திட்டம்) பென்ஷன் கணக்குப் பார்த்தா 3,000-ஐத் தொடாது. அப்ப 9,000 எங்கிருந்து வரும்?

என் கதையில ஒரு முட்டாள்தனமும் இருக்கு. சேர்ந்தப்போ கல்யாணம் ஆகல, அம்மா பேரை நாமினியா போட்டேன். கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் தானா செல்லாமப் போயிடும்னு யாரும் சொல்லல. டைவர்ஸுக்கு அப்புறம்தான் பொண்ணு பேர்ல ஆன்லைன்ல புதுசா போட்டேன். நடுவுல எனக்கு ஏதாவது ஆகியிருந்தா பிஎஃப் ஆபீஸ்ல உட்கார்ந்து அடிச்சுக்கிட்டிருப்பாங்க.

---

குமாஸ்தா_மஞ்சக்குப்பம் | ஜூலை 16, காலை 9:30

ஷிப்ட் அண்ணே, நிலைமை மாறினா தொகையைக் குறைக்கச் சொல்லி நீங்களே மனு போடலாம், 25-ல ரெண்டாவது உட்பிரிவு. ரிட்டயர்மென்ட் அதுக்கு நல்ல காரணம்.

அக்கா, இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. இன்னிக்குச் சம்பளத்தை வச்சு உங்களுக்கு மாசத் தொகை போட்டா, வர்ற ஜூன்லயே அவரும் இதே மனுவைப் போடுவார். அதனால மாசத் தொகையை மட்டும் நம்பாதீங்க.

ஜப்தி விஷயம் கொஞ்சம் சிக்கல். வேலையில இருக்கிறவரைக்கும் ஜீவனாம்சத் தீர்ப்புக்குச் சம்பளத்துல மூணில் ரெண்டு பங்கு வரை பிடிக்கலாம். ரிட்டயர்டு ஆனதும் கதவு குறுகிடும். பென்ஷனுக்கு 1871 சட்டம், ஜிபிஎஃப்-க்கு 1925 சட்டம், கிராஜுவிட்டிக்கு சிவில் நடைமுறைச் சட்டத்துல 60-வது பிரிவு, எல்லாம் பாதுகாப்புக் கொடுக்குது. மனைவியோட ஜீவனாம்சத்துக்காக பென்ஷனைப் பிடிக்கலாம்னு பம்பாய் உயர் நீதிமன்றத்தோட நாக்பூர் அமர்வு 2019-ல சொல்லியிருக்கு. பேங்குல விழுந்த பிறகு அந்தப் பணம் பென்ஷனா வெறும் பணமா என்கிறதுல ரெண்டு பக்கத்து வக்கீலும் ஆளுக்கொரு தீர்ப்பு காட்டுவாங்க. நீங்க அந்தச் சண்டைக்கே போகக் கூடாது. அதே 25-வது பிரிவுல, தொகைக்குப் பாதுகாப்பா அவரோட அசையாச் சொத்து மேல பாத்தியதை உண்டாக்கலாம்னு இருக்கு. வீடு ஒண்ணுதான் ஓடிப் போகாத சொத்து.

---

சொல்தா_பேரன் | ஜூலை 16, இரவு 8:44

இங்க பாண்டியில கதை வேற. கேட்க சுவாரசியமா இருக்கும்னு எழுதறேன், அக்காவுக்கு உபயோகப்படாது.

எங்க தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர், எங்க தெருவுல சொல்தா வீடுன்னா எல்லாருக்கும் தெரியும். 1962-ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கிட்டார். எங்க பாட்டி முதல் மனைவி, 12 வருஷம் வாழ்ந்து விவாகரத்து. அப்புறம் ரெண்டாவது கல்யாணம், சின்னப் பாட்டியோட 24 வருஷம். தாத்தா போனதும் எங்க அப்பா, "அம்மாவுக்கு எதுவும் வராது, விட்டுடுங்க"ன்னார். பாட்டி மட்டும் அலமாரியைத் திறந்து, ஓரம் கரையான் தின்ன லிவ்ரே தெ ஃபமியை (பிரெஞ்சு அரசு தர்ற குடும்பப் பதிவுப் புத்தகம்) எடுத்து முந்தானையில சுத்திக்கிட்டு, ரிக்‌ஷா பிடிச்சு கான்சுலேட்டுக்குப் போயிட்டாங்க.

பிரெஞ்சுச் சட்டத்துல உயிரோட இருக்கிறவர் பென்ஷனைப் பிரிக்கிறதில்ல. அவர் இறந்த பிறகு பாதி பென்ஷன் மனைவிக்கு வரும். அந்தப் பாதியில விவாகரத்தான மனைவிக்கும் பங்கு, யார் எத்தனை வருஷம் வாழ்ந்தாங்களோ அந்தக் கணக்குல. 12-க்கு 24. ஒரு பேச்சுக்கு தாத்தா பென்ஷன் 1,200 ஈரோன்னா, பாதி 600, அதுல பாட்டிக்கு 200, சின்னப் பாட்டிக்கு 400. ராணுவம், அரசு வேலைன்னா ஒரு நிபந்தனை, விவாகரத்தானவங்க மறுகல்யாணம் பண்ணியிருக்கக் கூடாது. பாட்டி பண்ணல.

வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு பேப்பர் கொடுக்க ரெண்டு பாட்டியும் ஒரே நாள்ல போவாங்க, ஒரே ஆட்டோவுல. பேச மாட்டாங்க. ஆட்டோ காசை மட்டும் 12-க்கு 24 கணக்குல பிரிச்சுப்பாங்கன்னு எங்க சித்தப்பா கிண்டல் பண்ணுவார்.

விவாகரத்து நேரத்துலயும் ஜட்ஜ் ரெண்டு பேரோட பென்ஷன் நிலைமையையும் பார்த்துட்டு, வாழ்க்கைத் தரம் ரொம்ப இறங்கறவங்களுக்கு ஈட்டுத் தொகை போடுவார். மொத்தமா, இல்லன்னா எட்டு வருஷத்துக்குள்ள தவணையா.

---

கூனிமேடு_காற்று | ஜூலை 16, இரவு 9:20

ரெனோன்சான் குடும்பங்களுக்கும் இதேவா?

---

சொல்தா_பேரன் | ஜூலை 16, இரவு 9:51

குழப்பிக்காதீங்க, அது வேற. 1881 ஆணைப்படி சாதி வழக்கத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறினவங்க வழிவந்தவங்க ரெனோன்சான். பாண்டியில இந்து திருமணச் சட்டம் அவங்களுக்கு இல்லைன்னு இந்தியச் சட்டமே சொல்லுது. ஆனா பிரெஞ்சுப் பென்ஷன் வரணும்னா அந்த அரசாங்கத்துல வேலை பார்த்திருக்கணும்ல.

---

லாஸ்பேட்டை_சிஸ்டர் | ஜூலை 17, காலை 5:35

நைட் டூட்டி முடிஞ்சு எழுதறேன். புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசு பென்ஷன் விதிதான். எனக்கு விவாகரத்துக் கேஸ் ஆறு வருஷமா இழுக்குது. கேஸ் முடியற வரைக்கும் அந்த ஆள்தான் சட்டப்படி என் கணவர், நான் நாளைக்கு டூட்டியில விழுந்து செத்தா என் குடும்ப ஓய்வூதியம் அவருக்கு. என் மேல கை வச்ச ஆளுக்கு நான் செத்தும் சம்பளம் கொடுக்கிற மாதிரி. இதை நினைச்சே பல நாள் தூங்கல.

2024 ஜனவரியில மத்திய பென்ஷன் துறை ஒரு உத்தரவு போட்டது. விவாகரத்துக் கேஸ் நடந்துகிட்டிருந்தாலோ, குடும்ப வன்முறை, வரதட்சணைக் கேஸ் கொடுத்திருந்தாலோ, பெண் ஊழியர் எழுதிக் கொடுத்தா கணவரைத் தாண்டி பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் போகும். ஆபீஸ்ல யாருக்கும் தெரியல, நான்தான் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் கொடுத்தேன். கிளார்க் படிச்சிட்டு "இது நல்லா இருக்கே சிஸ்டர்"னு எதிர்ல இருந்தவருக்குக் காட்டினார். எனக்கு சீல் போட்ட நகல் கைக்கு வர அஞ்சு வாரம் ஆச்சு.

இங்க படிக்கிற பொண்ணுங்களுக்கு இன்னொண்ணு. அப்பாவோ அம்மாவோ மத்திய விதிப்படி பென்ஷன் வாங்கறவங்கன்னா, விவாகரத்தான மகளுக்கும் அந்தக் குடும்ப ஓய்வூதியம் வரலாம். கேஸ் அவங்க உயிரோட இருக்கும்போதே கோர்ட்டுல போட்டிருக்கணும், தீர்ப்பு பின்னால வந்தாலும் பரவாயில்ல. வருமானம் மாதிரி மத்த நிபந்தனைகள் தனி. "அப்பா மனசு கஷ்டப்படும், அவர் காலத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்"னு கேஸ் போடாம இருந்து ஏமாந்தவங்களை எனக்குத் தெரியும்.

---

சிப்காட்_ஷிப்ட் | ஜூலை 17, காலை 7:15

ஆம்பளைக்கு அந்த 2024 உத்தரவு இல்லையா?

---

லாஸ்பேட்டை_சிஸ்டர் | ஜூலை 17, காலை 7:20

இல்ல. பெண் ஊழியர்களுக்குத்தான்.

---

வில்லியனூர்_மாடி | ஜூலை 17, இரவு 10:02

எல்லாரும் அந்த அக்காவைக் கல்யாணத்துல கட்டிப் போடப் பார்க்கறீங்கன்னு தோணுது. எனக்கு 48-ல டைவர்ஸ் ஆச்சு. அவர் அரசு வேலை. குடும்ப ஓய்வூதியம் போகும்னு தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டேன். அந்த ஆள் எப்போ சாவான்னு காத்துக்கிட்டு இருக்கிற வாழ்க்கை எனக்கு வேணாம்னு தோணுச்சு. இப்ப மாடியில சின்ன வாடகை வீடு, ஒரு பள்ளிக்கூடத்துல சமையல் வேலை. சில மாசம் கையில ஒண்ணும் இருக்காது. ஆனா மிக்ஸி சத்தம் போட்டா திட்ட ஆள் இல்ல.

30 லட்சம் பெரிய பணம்தான். அதையும் மனசுல ஒரு பக்கம் வச்சுக்கோங்க, இதையும் வச்சுக்கோங்க.

---

பழைய_கருவூலம் | ஜூலை 18, காலை 11:10

மாடி அம்மா சொல்றதை நான் மறுக்கல. அடி உதை, பயம் இருக்கிற இடத்துல பென்ஷன் கணக்குப் பேசறவன் மனுஷனே இல்ல. இவங்க கேஸ்ல அது இல்லைன்னு முதல் பதிவுலயே எழுதியிருக்காங்க. நாலு வருஷமா தனித்தனியாத்தான் இருக்காங்க.

நான் கேக்கிறது ஒண்ணுதான். அந்த வாத்தியார் மறுகல்யாணம் பண்ணப் போறாரா? இல்லைன்னா இந்த விவாகரத்தால அவருக்கு என்ன லாபம்? குடும்ப ஓய்வூதியம் அவர் பையில இருந்து போற பணம் இல்ல. இவங்களுக்கு அது கிடைச்சா அவர் பென்ஷன்ல ஒரு ரூபா குறையாது. பொண்ணு வேலைக்குப் போயிட்டா, பையன் படிச்சு முடிச்சிடுவான். விவாகரத்து ஆனா அந்த 25,200 அவருக்கும் வராது, இவங்களுக்கும் வராது, கஜானாவுலயே தங்கிடும். முப்பது வருஷம் அந்தக் கஜானாவைக் காத்தவன் சொல்றேன், அதுக்கு உங்க நன்கொடை தேவையில்ல.

அவர்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. பல பேருக்கு இது தெரியாது. என் செக்‌ஷனுக்கு வந்த கேஸ்கள்ல பாதி, கோபத்துல பண்ணது கூட இல்ல. யாரோ டைப் அடிச்சுக் கொடுத்த பேப்பர்ல இருந்த வரிக்குக் கையெழுத்துப் போட்டது.

---

குமாஸ்தா_மஞ்சக்குப்பம் | ஜூலை 18, மதியம் 1:40

கருவூலம் ஐயா சொன்னதோட நாலு விஷயம் சேர்க்கறேன்.

மியூச்சுவல் மனுவுல முதல் கையெழுத்து போட்டாலும், ரெண்டாவது தடவை கோர்ட்டு கேக்கிறதுக்கு முன்னால சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அக்கா இன்னும் போடவே இல்ல, பயப்பட ஒண்ணும் இல்ல.

"டைவர்ஸ் வேணாம், நீதிமுறைப் பிரிவு (கல்யாணம் அப்படியே இருக்க, பிரிஞ்சு வாழக் கோர்ட்டு தர்ற தீர்ப்பு) வாங்கிக்கலாம்"னு சில பேர் சொல்வாங்க. அப்ப நீங்க இன்னும் மனைவிதான், குடும்ப ஓய்வூதியம் பொதுவா போகாது. ஆனா அந்தத் தீர்ப்பு வந்து ஒரு வருஷம் சேர்ந்து வாழலைன்னா, அதையே காரணமா வச்சு ரெண்டு பேர்ல யார் வேணா விவாகரத்து கேக்கலாம். அதைச் சொல்லாம விட்டுடுவாங்க.

வீட்டை உங்க பேருக்கு மாத்தறதா பேச்சு வந்தா, செட்டில்மென்ட் பத்திரத்தை விவாகரத்துக்கு முன்னாலயே பதிவு பண்ணணும். கணவன் மனைவிக்குள்ள எழுதினா முத்திரைத் தீர்வை 1 சதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் உச்சம் 10,000. தீர்ப்பு வந்துட்டா நீங்க குடும்பம் இல்ல, முழு முத்திரைத் தீர்வை. இந்த ஒரு மாசத் தேதி வித்தியாசத்துல ரெண்டு லட்சம் மூணு லட்சம் விட்டவங்களை எங்க ஆபீஸ்லயே பார்த்திருக்கேன்.

நாலாவது, கோர்ட்டு வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்துல 12-வது பிரிவு. கேஸ் போடாமலே ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைப்பாங்க. எங்க தொழிலுக்கு நஷ்டம்தான், ஆனாலும் சொல்றேன்.

---

நெய்தல்63 | ஜூலை 18, மாலை 6:00

முன்னாடி எழுதினதுக்கு மன்னிக்கணும்மா. எனக்கும் இந்தக் குடும்ப ஓய்வூதிய விஷயம் தெரியாது. இப்பதான் என் பிபிஓ-வை (பென்ஷன் வழங்கல் ஆணை) எடுத்துப் பார்த்தேன். மனைவி பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு. எங்க திருத்தணும்?

---

பழைய_கருவூலம் | ஜூலை 18, மாலை 6:25

பென்ஷன் வாங்கற கருவூலத்துலயே மனு கொடுங்க. அம்மாவோட ஆதார் நகல், பிபிஓ நகல் வைங்க. அங்கிருந்து சென்னை ஏஜி (மாநிலக் கணக்காயர்) ஆபீஸுக்குப் போய் வரும். இப்பவே பண்ணுங்க, பின்னால அம்மாவை அலைய விடாதீங்க.

---

கூத்தப்பாக்கம்_தையல் | அக்டோபர் 9, இரவு 9:15

மூணு மாசமா எழுதாததுக்கு மன்னிக்கணும். நடந்ததைச் சொல்லிடறேன்.

ஆணைக்குழுவுல மனு கொடுத்தேன். ஆகஸ்ட்ல ரெண்டு தடவை, செப்டம்பர்ல ஒரு தடவை கூப்பிட்டாங்க. முதல் தடவை ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துட்டு வந்துட்டோம். ரெண்டாவது தடவை அந்த மேடம் "உங்களுக்கு என்னம்மா வேணும்"னு கேட்டாங்க. எனக்கு வாய் வரல. அளவு எழுதற நோட்டு ஒண்ணு எப்பவும் பையில இருக்கும், ஜாக்கெட் சுற்றளவு, கை நீளம் எல்லாம் எழுதறது. அதோட கடைசிப் பக்கத்துல கருவூலம் அண்ணா போட்ட கணக்கை எழுதி வச்சிருந்தேன், அவர் சம்பளத்தைச் சரியா போட்டு. அதை மேஜை மேல திருப்பி வச்சேன்.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டுப் படிச்சார். அவர் கணக்கு வாத்தியார். பேனாவை எடுத்து ஒரு பெருக்கலைச் சரிபார்த்தார். அப்புறம் "இது யாருக்கும் இல்லாமப் போயிடுமா?"ன்னு மேடத்தைக் கேட்டார். நிஜமாவே அவருக்குத் தெரியாது. பள்ளியில கூட வேலை பார்க்கிற ஒருத்தர், பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி முடிச்சுக்கோன்னு சொல்லி, அந்தப் பேப்பரையும் அவரே அடிச்சுக் கொடுத்திருக்கார்.

"எனக்கு யாரும் இல்ல. தனியா இருக்கணும், அவ்வளவுதான்"னார். எனக்கும் அவ்வளவுதான்னு சொன்னேன். நாலு வருஷத்துல நாங்க பேசின நீளமான பேச்சு அதுதான்.

முடிவு இப்படி. விவாகரத்து இப்ப இல்ல. தனித்தனியாவே இருக்கோம். வீட்டை என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதியாச்சு, போன வாரம் பதிவு ஆச்சு. ரிட்டயர்டு ஆனதும் மாசம் 10,000 என் கணக்குக்கு. அதை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டிருக்கோம். 15 லட்சத்தை நான் கேக்கல. நாளைக்கு அவர் மனசு மாறி கேஸ் போட்டா போடலாம், அதுவும் எனக்குத் தெரியும். வில்லியனூர் அக்கா, நீங்க எழுதினதை நாலு தடவை படிச்சேன். என் வீட்டுலயும் இப்ப சத்தம் போட ஆள் இல்ல.

---

குமாஸ்தா_மஞ்சக்குப்பம் | அக்டோபர் 9, இரவு 9:40

பட்டா மாத்திட்டீங்களா அக்கா? பத்திரம் பதிவானதோட விட்டுடாதீங்க. வீட்டு வரியையும் உங்க பேருக்கு மாத்துங்க.

---

பழைய_கருவூலம் | அக்டோபர் 9, இரவு 10:05

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. பென்ஷன் பேப்பர் போயிடுச்சா? போட்டோ?

---

கூத்தப்பாக்கம்_தையல் | அக்டோபர் 10, காலை 7:30

பட்டாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன் தம்பி.

போட்டோ நேத்து எடுத்தாச்சு அண்ணா, லாரன்ஸ் ரோட்டுல ஒரு ஸ்டுடியோ. அவர் பஸ்ஸுல வந்தார், நான் பையன் வண்டியில. ஒரே பெஞ்சுல உட்கார வச்சாங்க. போட்டோ எடுக்கிற பையனுக்கு இருபது வயசு இருக்கும். ஃபிரேமுக்குள்ள வரலை, அங்கிள் கொஞ்சம் ஆன்ட்டி பக்கம் தள்ளி உட்காருங்கன்னு மூணு தடவை சொன்னான். நாலாவது தடவை நான்தான் தள்ளி உட்கார்ந்தேன். எட்டு காப்பி, 160 ரூபாய். அவர் கொடுத்தார்.